காஞ்சியில் கிடைத்த ஒற்றைக் கண்

சித்தப்பாவுக்கு வாழைத்தண்டுச் சாறு குடிக்கச் சொன்னது நான்தான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாறு, பதினோரு மணிக்கு ஓர் இளநீர், மதியம் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் முருங்கைக்கீரை. சொன்னபடியே பதினேழு நாள் செய்தார். பதினெட்டாம் நாள் தறிக்குழியிலிருந்து காலை எடுத்து மேலே வைக்க முடியவில்லை. நெஞ்சு தப்பித் தப்பி அடிக்கிறது என்றார். மருத்துவமனையில் ரத்தத்தைச் சோதித்தபோது பொட்டாசியம் 6.8 இருந்தது. ஐந்தரையைத் தாண்டினாலே மருத்துவர்கள் கவலைப்படும் சத்து அது. சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்களை எப்போதோ தின்னத் தொடங்கியிருந்தது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "யாரு இதெல்லாம் குடிக்கச் சொன்னது?" என்று மருத்துவர் கேட்டார். சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே அது இன்னும் உறுத்துகிறது.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தத்துக்கு நடுவில் பிறந்து, பாவு பிணைத்துப் பழகிய கை. முப்பத்து நான்கு வயதில் எனக்கே சர்க்கரை வந்தது. வெறும் வயிற்றில் 212. தறி வீட்டுச் சாப்பாடு எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வேளையும் அரிசி, இடையிடையே டீயும் பொறையும். தறியில் உட்கார்ந்தவர் எழுந்தால் வேலை நிற்கும், வேலை நின்றால் கூலி நிற்கும். அதனால் டீ உட்கார்ந்த இடத்துக்கே வரும். நான் டீயில் சர்க்கரையை நிறுத்தினேன், பொறையை நிறுத்தினேன், சோற்றைக் குறைத்துப் பயறும் காயும் கூட்டினேன், விடியற்காலையில் சர்வதீர்த்தக் குளம் வரை நடந்தேன். ஒரு வருடத்தில் பதினோரு கிலோ குறைந்தது. மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கினார். தெருவே கேட்க வந்தது. சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல அதுவே ஒரு வேலை ஆனது.

தன் நோயிலிருந்து மீண்டவர் பிறருக்கு உணவு சொல்லப் புறப்படுவது உலகத்துக்குப் புதிதல்ல. ஸ்விட்சர்லாந்தின் மாக்ஸ் பிர்ஷர்-பென்னர் என்ற மருத்துவர் மஞ்சள் காமாலையில் படுத்தபோது பச்சை ஆப்பிள் தின்று தேறியதாகச் சொல்வார்கள். 1904-இல் அவர் ஜூரிச்சில் பச்சை உணவுக்கென்றே ஒரு நலவாழ்வு இல்லம் திறந்தார். இன்று பெட்டிகளில் விற்கும் 'மியூஸ்லி' அவர் நோயாளிகளுக்குக் கொடுத்த உணவு. ஆனால் சித்தப்பா படுத்த பிறகு நான் அருகருகே வைத்துப் படித்த இருவர் வேறு. ஒருவர் காந்தி. மற்றவர் நம் குன்னூரில் எலிகளோடு உட்கார்ந்திருந்த ராபர்ட் மெக்காரிசன். ஒருவர் தன் உடம்பைக் கேட்டு உணவு சொன்னவர். மற்றவர் பிற உடம்புகளை எடைபோட்டு உணவு சொன்னவர். இவர்களில் யார் பக்கம் நிற்பது என்று முதலில் யோசித்தேன். அந்தக் கேள்வியே தப்பு என்று புரிய நாளாயிற்று.

காந்தியின் கதையில் எல்லாமே நோயிலிருந்து தொடங்குகிறது. ஜோகன்னஸ்பர்க்கில் வக்கீல் தொழில் நன்றாக நடந்த காலத்தில் அவருக்கு மலச்சிக்கல், அடிக்கடி தலைவலி. மான்செஸ்டரில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள் என்று படித்தார். தானும் விட்டுப் பார்த்தார். சில நாள் கஷ்டம், பிறகு தலைவலி போயிற்று. தேவைக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று தானே முடிவு கட்டினார். மலச்சிக்கல் மட்டும் போகவில்லை. லூயிஸ் கூனே என்ற இயற்கை வைத்தியரின் இடுப்புக் குளியல் கொஞ்சம் தணித்தது. அடால்ஃப் யுஸ்ட் என்ற ஜெர்மானியரின் நூலைப் படித்து, ஈர மண்ணைத் துணியில் பரப்பி வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்தார். அதில் குணம் கண்டார். பிறகு மனைவி, பிள்ளைகள், ஆசிரமத்தார் என்று ஒவ்வொருவராக அவருடைய சோதனைக்குள் வந்தார்கள். பத்து வயது மணிலாலுக்கு டைஃபாய்டும் நிமோனியாவும் வந்தபோது முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கச் சொன்ன மருத்துவரை மறுத்து, நீர் கலந்த ஆரஞ்சுச் சாறும் ஈரத்துணிச் சுற்றலுமாகப் பம்பாயில் அவர் கழித்த இரவை என்னால் இப்போதும் நிதானமாகப் படிக்க முடியவில்லை. பிள்ளை பிழைத்தான். பிழைக்காமல் போயிருந்தால்?

1913-இல் அவர் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் குஜராத்தியில் எழுதிய உடல்நலத் தொடர் பின்னால் நூலானது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1921-இல் வெளியிட்டவர் நம் திருவல்லிக்கேணியின் கணேசன். தான் எழுதியவற்றில் மக்கள் அதிகம் விரும்பிப் படித்தது இதுதான் என்று காந்தியே வியந்திருக்கிறார். எனக்கு அதில் வியப்பில்லை. நோயாளிக்கு முதலில் வேண்டியது தன்னைப் போல் கஷ்டப்பட்ட ஒரு குரல். என்னிடம் வந்தவர்களும் 'உனக்கு என்னம்மா இருந்தது, எப்படிக் குறைஞ்சுது' என்றுதான் தொடங்குவார்கள். 'எங்கே படிச்ச' என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ஆனால் அந்த உடம்பே அவரை மறுத்துப் பேசிய இடங்கள்தான் எனக்கு முக்கியம். 1912-இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் பாலை விட்டார். 1918-இல் குஜராத்தின் கேடாவில் ஊர் ஊராக அலைந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பில் விழுந்து எலும்பும் தோலுமானார். பால் இல்லாமல் உடம்பு தேறாது என்றார் மருத்துவர். பால் குடிப்பதில்லை என்பது என் விரதம் என்றார் இவர். பக்கத்தில் நின்ற கஸ்தூர்பா, விரதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் ஆகாதா என்று கேட்டார். காந்தி குடித்தார், தேறினார், சத்தியத்தின் எழுத்தைக் காத்து உயிரைக் கைவிட்டேன் என்ற குத்தலோடு அதை எழுதியும் வைத்தார். பாலுக்கு ஈடான தாவர உணவைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று மருத்துவர்களையும் வைத்தியர்களையும் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளை நான் பலமுறை படித்திருக்கிறேன். தன் உடம்பில் கிடைத்த விடை போதாது, மற்றவர்கள் தேடித் தர வேண்டும் என்று ஒப்புக்கொண்ட இடம் அது.

1929-இல் ஆந்திரப் பயணத்தில் சமைக்காத உணவின் மேல் மறுபடி ஆசை வந்தது. ஊறவைத்த கோதுமை, பயறு, பச்சைக் கீரை. ஆசிரமத்தில் பலரும் அவரோடு சேர்ந்தார்கள். 'யங் இந்தியா'வில் அதைப் பற்றி எழுதினார். சில மாதங்களில் வலுவிழந்து வயிற்றுக்கடுப்பில் படுத்தார். சோதனையை நிறுத்தினார், நிறுத்தியதையும் எழுதினார். இன்று உணவு ஆலோசனை சொல்கிற நாங்கள் எங்கள் வெற்றியைத்தான் சொல்கிறோம். 'இதைச் செய்தேன், படுத்துவிட்டேன்' என்று சொல்பவரை நான் பார்த்ததில்லை. நானும் இந்தக் கட்டுரை வரை சொன்னதில்லை.

மெக்காரிசன் அயர்லாந்தின் வட பகுதியிலிருந்து வந்தவர். 1901-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சித்ராலுக்கும் கில்கிட்டுக்கும் போனார். அங்கே ஊர் ஊராகக் கழுத்துக் கழலை. ஒரே ஓடையில் மேலிருந்து கீழாக வரிசையாய் இருந்த கிராமங்களில், தண்ணீர் கீழே போகப் போக அழுக்காவதையும் கழலை கூடுவதையும் கவனித்தார். அந்தத் தண்ணீரை வடிகட்டி, மிஞ்சிய கசட்டைத் தானும் குடித்தார், முன்வந்தவர்களுக்கும் கொடுத்தார். அவருக்கே கழுத்து வீங்கியது. கசட்டைக் கொதிக்க வைத்துக் கொடுத்தவர்களுக்கு வீங்கவில்லை. ஆகவே காரணம் தண்ணீரில் உள்ள கிருமி என்றார். தன் உடம்பை ஈடுவைத்துச் செய்த சோதனை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டத்தையும் வைத்திருந்தார். அப்படியும் அடிப்படைக் காரணம் அயோடின் குறைவு என்பது பின்னால்தான் உறுதியாயிற்று. இன்று நாம் உப்பில் சேர்ப்பது அதைத்தான். விஞ்ஞானிக்கும் அவருடைய உடம்பு முழு உண்மையைச் சொல்லவில்லை.

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரு மூலையில் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்த மூலைதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அங்கே அவர் செய்த ஒரு சோதனை நம்மைச் சுடும். ஒரே வகை எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் உண்பதை ஒவ்வொரு கூட்டத்துக்கும் போட்டு வளர்த்தார். சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் சராசரி 235 கிராம் வந்தன. பட்டியலின் அடியில் இருந்தது சென்னை மாகாணத்து உணவு: 155 கிராம். முதன்முதலில் அந்த எண்ணைப் பார்த்தபோது என் பாட்டி கையால் பிசைந்து போட்ட உருண்டையை யாரோ தராசில் வைத்து ஏளனம் செய்தது போல் வலித்தது. பிறகுதான் காரணத்தைக் கவனித்தேன். கோதுமையா அரிசியா என்பதல்ல விஷயம். சீக்கியர் உணவில் தவிடு போகாத மாவு, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி எல்லாம் இருந்தன. நம் எலிக்குக் கிடைத்தது தீட்டிய அரிசியும் அதன் மேல் ஊற்றிய கொஞ்சம் குழம்பும்தான். ஏழை இங்கிலாந்துக்காரரின் வெள்ளை ரொட்டி, மார்ஜரின், டப்பா இறைச்சி, சர்க்கரை போட்ட டீ ஆகியவற்றைத் தின்ற கூட்டம் இன்னும் மோசம். அந்த எலிகள் ஒன்றையொன்று கடித்துக் கொல்லத் தொடங்கின. டீயும் பொறையும் வைத்தே ஒரு பகலை ஓட்டுகிற எங்கள் தெருவுக்கு அந்தக் கூண்டு அதிகத் தூரத்தில் இல்லை.

காந்தியின் உடம்பு பாலைப் பற்றிச் சொன்னதையும், சில ஆண்டுகள் கழித்து குன்னூர் எலிகள் சொன்னதையும் சேர்த்து வைத்தால் ஒரே விடை வருகிறது. ஆனால் ஏன் என்று அன்று இருவராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. தாவர உணவில் கிடைக்காத பி12 என்னும் வைட்டமினைப் பிரித்தெடுத்தது 1948-இல். காந்தி மறைந்த ஆண்டு அது.

இன்னொரு சந்திப்பு அரிசியில். ஆலைத் தீட்டல் அரிசியின் மேல்தோலை உரித்துவிடுகிறது, அதோடு சத்தும் போகிறது என்பது ஆய்வுக்கூடம் கண்டது. கைக்குத்தல் அரிசி வேண்டும் என்பது காந்தி 'ஹரிஜன்' இதழில் விடாமல் சொன்னது. ஆனால் அவர் பக்கத்தில் தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பா இருந்தார். உரலை ஆலை விழுங்கினால் சத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்ணின் கூலியும் போகிறது என்று கணக்குக் காட்டினார். காஞ்சிபுரத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். விசைத்தறி எங்கள் தெருக்களில் செய்ததைத்தான் அரிசி ஆலை ஊர் உரல்களுக்குச் செய்தது. எலியின் எடையில் அந்தக் கூலி தெரியாது. உணவைத் தனியாகவும் பிழைப்பைத் தனியாகவும் பார்க்காத இந்தப் பார்வையைத்தான் நான் 'முழுமையான ஊட்டம்' என்று புரிந்துகொள்கிறேன். விலை உயர்ந்த விதைகளையும் பொடிகளையும் விற்பவர்கள் அதே சொல்லைச் சொல்லும்போது கோபம் வருகிறது.

அதே அரிசியில் ஆய்வுக்கூடம் கண்ட ஒன்றைக் காந்தியின் நாக்கு சொல்லியிருக்கவே முடியாது. 1935-இல் மெக்காரிசனுக்குப் பின் குன்னூருக்கு வந்த அய்க்ராய்டும் அவரோடு இருந்தவர்களும், ஆந்திரத்தின் வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி இருப்பதும், அதே அளவு அரிசி தின்னும் தமிழ்ப்பகுதியில் அது அவ்வளவாக இல்லாததும் ஏன் என்று ஆராய்ந்தார்கள். அங்கே பச்சரிசி, இங்கே புழுங்கல். நெல்லை உமியோடு வேகவைக்கும்போது தவிட்டில் உள்ள, பெரிபெரியைத் தடுக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்குகிறது. கோயில் நைவேத்தியத்துக்குப் பச்சரிசி, வீட்டுச் சோற்றுக்குப் புழுங்கல் என்று என் பாட்டி பிரித்து வைத்ததற்குள் இத்தனை உயிர் இருந்திருக்கிறது. அவருக்குக் காரணம் தெரியாது. தெரிந்திருந்தால் ஆலைப் புழுங்கலை இன்னும் வெள்ளையாகத் தீட்டிக் கொடு என்று கடைக்காரரிடம் கேட்டிருக்க மாட்டார்.

இங்கே குடலை இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை. வரதராஜப் பெருமாளுக்கு மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்துப் படைக்கும் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் மணக்க, கத்தியால் அறுத்து வில்லைகளாகத்தான் எடுக்க முடியும். அது மருந்து, சர்க்கரைக்காரர் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சுக்கும் மிளகும் செரிமானத்துக்கு நல்லதென்று நம்புகிறோம், சரி. ஆனாலும் அது நெய் ஊற்றிய அரிசியும் உளுந்தும்தான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என் விரலைக் குத்திப் பார்த்தேன். அதன் பிறகு அப்படிச் சொல்வதில்லை. ஒரு வில்லை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

காஞ்சிபுரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சுந்தரர் கதை தெரிந்திருக்கும். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறியதால் இரண்டு கண்ணும் போயின. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. ஏகாம்பரநாதர் முன் வந்து நின்றபோது இடக்கண் கிடைத்தது. வலக்கண் திருவாரூரில்தான். சிறு வயதில் எனக்கு அது குறையாகப் பட்டது: எங்கள் ஊர்ச் சாமி ஏன் இரண்டையும் கொடுக்கவில்லை? இப்போது வேறொன்று தோன்றுகிறது. ஒரு கண் கிடைத்தபோது வழி தெரிந்துவிட்டது, இனி இங்கேயே இருக்கலாம் என்று அவர் இருந்துவிடவில்லை. திருவாரூர் வரை நடந்தார். என் சர்க்கரை எனக்குக் கொடுத்ததும் ஒரு கண்தான். பசி எப்படி ஏமாற்றும், பத்தியம் எந்த நாளில் உடையும், விருந்து வீட்டில் எந்தப் பந்தியில் மனம் இடறும் என்பதெல்லாம் அந்தக் கண்ணுக்குத் தெரியும். பத்துக் கூண்டு எலி வைத்திருந்தாலும் அது தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சிறுநீரகம் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. சித்தப்பாவை நான் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இவ்வளவு பேருக்கும் அருகில் உட்கார்ந்து உணவு சொல்லப் படித்தவர்கள் போதாது. நோயிலிருந்து மீண்டவர்கள் இந்த வேலைக்கு வரத்தான் வேண்டும், வருவதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஊட்டச்சத்து நிபுணர் என்று பெயர்ப்பலகை வைப்பதற்கு இன்று சட்டமும் இருக்கிறது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் உணவியலாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நான் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்துப் பட்டயத்தில் சேர்ந்தேன். நாற்பது வயதில், பாவு பிணைத்து முடித்த விரல்களால் சிறுநீரகத்து நெஃப்ரான் படம் வரைவது சுலபமாக இல்லை. அந்தப் பட்டயம் என்னை மருத்துவராக்கவில்லை. எங்கே நான் வாயை மூட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுத்தது. இப்போது என்னிடம் வருபவரிடம் என் கதையைச் சொல்லும் முன் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் அவருடைய கிரியேட்டினின் சீட்டைக் கேட்கிறேன். இல்லையென்றால் முதலில் சோதித்துவிட்டு வரச் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள். போகட்டும்.

சித்தப்பா இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் போகிறார். தறியில் இறங்க முடியாது; திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குக் கோர்வைக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அவருடைய உணவுச் சீட்டை எழுதியது மருத்துவமனையின் உணவியலாளர். அதைச் சமையலறையில் எப்படிச் செய்வது என்று சித்திக்குக் காட்டுவது மட்டும்தான் என் வேலை. முதல் நாள் போனபோது பூசணிக்காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்தோம். பொட்டாசியம் தண்ணீரில் இறங்குவதற்காக அப்படி. வெந்ததும் சித்தி பாத்திரத்தை இறக்கி, ஆவி பறக்கும் அந்த மஞ்சள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். வடித்த தண்ணீரைக் கொட்டாதீங்க, சத்தெல்லாம் அதிலதான் இருக்கு என்று இந்தத் தெருவில் வீடு வீடாகச் சொன்னவள் நான். குன்னூரும் அதைத்தான் சொன்னது, காந்தியின் சேவாகிராமமும் அதைத்தான் சொன்னது.

"இத ரசத்துக்கு எடுத்து வெச்சிக்கட்டுமாம்மா?" என்றார் சித்தி.

"வேணாம் சித்தி. கொட்டிடுங்க."